வெளிநாட்டுப் பயணத்தில் ரொக்கமா, அட்டையா: இழப்பு எந்த இடத்தில் நேர்கிறது?

2026 ஜனவரி 9, தொடக்கக் கேள்வி

"அடுத்த மாதம் முதன்முறையாக வெளிநாடு செல்கிறேன். இப்போது எங்கும் அட்டை செல்லுபடியாகிறது. பணம் மாற்றும் கடைகளோ கமிஷன் எடுத்துக்கொள்கின்றன. ஆகையால் ரொக்கமே இல்லாமல், ஒரே ஒரு கடன் அட்டையோடு செல்வதுதான் சிக்கனம் என்று முடிவு செய்திருக்கிறேன். இதில் தவறு உண்டா?"

ஜனவரி 9, இரவு

முடிவின் ஒரு பாதி சரி, மறுபாதி ஆபத்தானது. அட்டைக்குக் கிடைக்கும் மாற்று விகிதம் பெரும்பாலும் விமான நிலையக் கடையின் விகிதத்தைவிட நல்லது என்பது உண்மை. ஆனால் "ஒரே ஒரு" என்ற சொல்லையும் "ரொக்கமே இல்லாமல்" என்ற சொல்லையும் நான் ஏற்க மாட்டேன். அவற்றைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், முதலில் கமிஷன்.

கமிஷன் என்று தனியாக எழுதிக் காட்டப்படும் தொகையில் இழப்பது குறைவு. பெரிய இழப்பு விகிதத்துக்குள்தான் இருக்கிறது. வங்கிகள் தமக்குள் வாங்கி விற்கும் நடு விகிதம் ஒன்று உண்டு. இணையத்தில் தேடினால் தெரிவது அதுதான். ஒரு வெளிநாட்டு நாணயத்தின் நடு விகிதம் 100 என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அதை உங்களுக்கு 105க்கு விற்பார், உங்களிடமிருந்து 95க்கு வாங்குவார். "கமிஷன் இல்லை" என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருக்கும் கடையிலும் இந்த இடைவெளி இருக்கும். சில நேரங்களில் அங்கேதான் அதிகமாக இருக்கும். 10,500 கொடுத்து 100 அலகு வாங்கிச் சென்று, எதையும் செலவழிக்காமல் அதே கடையில் திருப்பிக் கொடுத்தால் 9,500தான் கையில் வரும். கமிஷன் என்று ஒரு காசும் எடுக்காமலே 1,000 போயிருக்கும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இவ்வளவு கொடுத்தால், எல்லாம் போக, என் கையில் எவ்வளவு தருவீர்கள்?" அந்த எண்ணைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அதை நடு விகிதத்தோடு ஒப்பிட்டால் அங்கே மாற்றலாமா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஜனவரி 10

அட்டையிலும் இதே இழப்பு வேறு உருவில் நேர்கிறது. முதன்முறை செல்பவர் அறிந்துகொள்ள வேண்டியவற்றில் இதையே முதலாவதாக வைப்பேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெளிநாட்டுக் கடையில் அட்டையைக் கொடுத்ததும் கருவியின் திரையில் இரண்டு தொகைகள் தோன்றலாம். ஒன்று அந்த நாட்டு நாணயத்தில், மற்றது உங்கள் நாட்டு நாணயத்தில். "உங்கள் பணத்திலேயே செலுத்தலாமே, எவ்வளவு என்று இப்போதே தெரிந்துவிடும்" என்று கடைக்காரர் அன்போடு சொல்லக்கூடும். இதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமாக டி.சி.சி., என்று பெயர். ரசீதிலும் இந்தப் பெயர் இருக்கக்கூடும். உங்கள் நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது உங்கள் வங்கியோ விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலையமைப்போ அல்ல. கடைக்கு அந்தக் கருவியைக் கொடுத்த நிறுவனம் தீர்மானிக்கிறது. அதில் சேர்க்கும் கூடுதல் விலையின் ஒரு பங்கு கடைக்கும் போவதுண்டு. இத்தோடு முடிவதில்லை. பொருள் வாங்கிய கடை வெளிநாட்டில் இருப்பதால், தொகை உங்கள் நாணயத்திலேயே வந்தாலும் பல வங்கிகள் தமது வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கின்றன. ஒரே செலவுக்கு இருமுறை கட்டணம் கட்டியவர் ஆகிறீர்கள்.

எப்போதும் அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். இதற்கு விதிவிலக்காக ஒரு சூழ்நிலையையும் நான் இதுவரை கண்டதில்லை.

ஓர் உணவகத்தில் பணியாளர் என்னைக் கேட்காமலே என் நாட்டு நாணயத்தை அழுத்திவிட்டு, கையொப்பத்துக்கு ரசீதை நீட்டினார். "இதை ரத்து செய்துவிட்டு உள்ளூர் நாணயத்தில் மீண்டும் போடுங்கள்" என்று அமைதியாகச் சொன்னேன். முதலில் முடியாது என்றார். மேலாளரை அழைத்ததும் இரண்டே நிமிடங்களில் முடிந்தது. கையொப்பமிட்ட பிறகோ பின் எண்ணை அழுத்திய பிறகோ இவ்வளவு எளிதாக முடியாது. கருவி கைக்கு வந்ததும் தொகையின் அருகில் உள்ள நாணயக் குறியைப் பார்த்த பிறகே பின் எண்ணைத் தொடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல், இவ்வாறு மாற்றித் தருபவர்கள் ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை விழுக்காடு கூடுதலாக எடுக்கிறார்கள் என்பதைத் திரையிலேயே காட்ட வேண்டும் என்ற விதி உள்ளது. அந்த எண்ணைப் பார்த்தவர் அடுத்த முறை மறுக்கத் தயங்க மாட்டார்.

ஜனவரி 10, பிற்பகல்

ஏ.டி.எம். இயந்திரத்திலும் இதே கேள்வி வரும். அங்கே "மாற்றத்தை ஏற்கிறேன்", "மாற்றத்தை மறுக்கிறேன்" என்று இருக்கும். மறுத்தால் பணம் வராது என்று அஞ்சிப் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். மறுத்தாலும் பணம் வரும். மறுப்பது அவர்கள் தரும் விகிதத்தை மட்டுமே.

ஜனவரி 12

ஒருவர் கேட்டது நல்ல கேள்வி: "என் வங்கி வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 விழுக்காடு எடுக்கிறது. அப்படியானால் பணம் மாற்றும் கடையே மேல் அல்லவா?"

முதல் குறிப்பில் அட்டையின் விகிதம் "பெரும்பாலும்" நல்லது என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லுக்கு இப்போது வரம்பு கட்டுகிறேன். வங்கிக் கட்டணத்தையும் சேர்த்தால் நடு விகிதம் 100 ஆக உள்ள நாணயம் உங்களுக்கு ஏறத்தாழ 103.5 ஆகிறது. பணம் மாற்றும் கடைகள் அடுத்தடுத்து நின்று போட்டியிடும் நகரங்களில் அதே நாணயம் 101க்கும் 102க்கும்கூடக் கிடைக்கும். அங்கே ரொக்கமே மலிவு. விமான நிலையத்தில் 108 என்றால் அட்டையே மலிவு. ஆக, இது அட்டைக்கும் ரொக்கத்துக்கும் இடையிலான போட்டியே அல்ல. உங்கள் கையில் உள்ள குறிப்பிட்ட அட்டைக்கும் நீங்கள் நிற்கும் குறிப்பிட்ட கடைக்கும் இடையிலான போட்டி. வங்கியின் கட்டணப் பட்டியலில் "வெளிநாட்டு நாணயப் பரிவர்த்தனை" என்ற வரியை மட்டுமாவது புறப்படுமுன் படித்துவிடுங்கள். இந்தக் கட்டணமே இல்லாத அட்டைகளும் உண்டு; அடிக்கடி பயணம் செய்பவர் அதைத் தேடிப் பெறுவது தகும்.

இன்னொன்று. விசாவும் மாஸ்டர்கார்டும் தமது விகிதங்களை இணையதளங்களில் வெளியிடுகின்றன. ஆனால் பொருந்துவது எப்போதும் நீங்கள் வாங்கிய நாளின் விகிதம் என்று எண்ண வேண்டாம். பல நேரங்களில் பரிவர்த்தனை செயலாக்கப்படும் நாளின் விகிதமே பொருந்தும். அது ஓரிரு நாள் கழித்தும் இருக்கலாம். கணக்கில் சிறு வேறுபாடு கண்டு பதறத் தேவையில்லை.

ஜனவரி 15

இனி "ஒரே ஒரு அட்டை" பற்றி.

2018 ஜூன் 1 அன்று ஐரோப்பாவில் விசா வலையமைப்பு சுமார் பத்து மணி நேரம் தடுமாறியது. தரவு மையத்தில் ஒரு கருவி பகுதியளவில் பழுதானதே காரணம். 52 இலட்சம் பரிவர்த்தனைகள் தோல்வியுற்றன. அன்று மாஸ்டர்கார்டு வைத்திருந்தவர் வழக்கம்போல் செலவு செய்தார். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மின்சாரமே நின்றபோது எந்த வலையமைப்பும் உதவவில்லை. சட்டைப் பையில் தாள் வைத்திருந்தவருக்குத்தான் கடையில் தண்ணீர் கிடைத்தது. 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் செயல்பாட்டை நிறுத்தியபோது, பிற நாடுகளில் வழங்கப்பட்ட அட்டைகள் அங்கே பயனற்றுப் போயின. ஈரானில் பொருளாதாரத் தடைகளால் பன்னாட்டு அட்டைகள் செல்லுபடியாவதே இல்லை. அங்கே செல்பவர் முழுச் செலவையும் ரொக்கமாகவே கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது.

ஆகையால் இரண்டு வலையமைப்புகளைச் சேர்ந்த, இயன்றால் இரண்டு வங்கிகளின் அட்டைகள், அவற்றோடு ஓரிரு நாளைக்குப் போதுமான ரொக்கம். மூன்றையும் ஒரே பணப்பையில் வைத்தால் மூன்றும் ஒன்றாகவே தொலையும் என்பதால், ஓர் அட்டை உடலோடும் மற்றது அறையில் பூட்டிய பெட்டியிலும் இருக்கட்டும்.

ஜனவரி 16

நேற்று எழுதியதற்கு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். நள்ளிரவில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி, நகருக்குச் செல்லும் இரயிலுக்குச் சீட்டு வாங்க அட்டையைச் செருகியபோது மறுக்கப்பட்டது. பணம் இருந்தது, அட்டையும் பழுதில்லை. வெளிநாட்டிலிருந்து திடீரென வந்த பரிவர்த்தனையை வங்கியின் பாதுகாப்பு முறை ஐயத்தோடு பார்த்துத் தடுத்துவிட்டது. தடையை நீக்க அவர்கள் அனுப்பிய ஓ.டி.பி. என் தாய்நாட்டு எண்ணுக்குச் சென்றது. அந்த எண்ணில் ரோமிங் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைக்கவும் அதே எண் வேண்டும். உடன் வந்திருந்த என் வயதான தாயார் பெட்டியின் மேல் அமர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது அட்டை வேலை செய்ததால் சீட்டு கிடைத்தது. அது இல்லாதிருந்தால் விடியும்வரை அங்கேயே இருந்திருப்போம்.

இதிலிருந்து மூன்று ஏற்பாடுகள் என் வழக்கமாகிவிட்டன. வங்கிச் செயலியில் பன்னாட்டுப் பயன்பாட்டுக்கான அனுமதியை, கடை, இணையம், ஏ.டி.எம். என ஒவ்வொன்றுக்கும் தனியாக இயக்கிப் பார்த்துக்கொள்கிறேன். சில வங்கிகளில் இது முதலில் மூடியே இருக்கும். தாய்நாட்டு எண்ணைக் குறுஞ்செய்தி பெறும் அளவுக்காவது ரோமிங்கில் வைக்கிறேன். அட்டை தொலைந்தால் அழைக்க வேண்டிய, வெளிநாட்டிலிருந்தும் கிடைக்கும் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி வைக்கிறேன். அந்த எண் அட்டையின் பின்புறத்தில் இருக்கிறது என்று சொல்பவர்கள், தொலைவது அந்த அட்டைதான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 21

ஏ.டி.எம். பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் பதில்.

கடன் அட்டையில் ரொக்கம் எடுக்காதீர்கள். அது பொருள் வாங்குவது போன்றதன்று. கடனாகப் பணம் எடுப்பதாகக் கருதப்படும். வழக்கமாக எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், தனிக் கட்டணமும் உண்டு. ரொக்கத்துக்கு டெபிட் அட்டை. அதிலும் உங்கள் வங்கியின் கட்டணம், இயந்திரத்துக்குச் சொந்தக்காரரின் கட்டணம், நாணய மாற்றுக் கட்டணம் என்று மூன்று வரக்கூடும். முதல் இரண்டும் பெரும்பாலும் ஒவ்வொரு முறைக்கும் நிலையான தொகையாக இருப்பதால், சிறிது சிறிதாகப் பலமுறை எடுப்பதைவிடச் சேர்த்து ஒருமுறை எடுப்பது மலிவு.

கேளிக்கை வீதிகளிலும் பரிசுப் பொருள் கடை வாசலிலும் தனியாக நிற்கும் இயந்திரங்களைத் தவிர்த்து, வங்கிக் கிளையோடு ஒட்டிய இயந்திரத்தை, கிளை திறந்திருக்கும் நேரத்திலேயே பயன்படுத்துகிறேன். அட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் கேட்க ஆள் இருக்கும். ஜப்பானில் வெளிநாட்டு அட்டைகளை ஏற்காத வங்கி இயந்திரங்கள் உண்டு. அங்கே செவன் இலெவன் கடைகளில் உள்ள இயந்திரங்கள் ஏற்கின்றன.

பின் எண் ஆறு இலக்கமாக இருந்தால், நான்கு இலக்கத்தை மட்டுமே எதிர்பார்க்கும் இயந்திரங்களில் இடர் வரலாம்; உங்கள் வங்கி என்ன சொல்கிறது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி 22

பெரிய தாள்களாகவே வந்தால், இயன்றால் அந்த வங்கியின் முகப்பிலேயே சிறிய தாள்களாக மாற்றிக்கொள்ளுங்கள். பேருந்தில் சில்லறை இல்லாமல் நிற்பது அட்டை இல்லாமல் நிற்பதற்குச் சமம்.

ஜனவரி 29

விகிதம் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எண்ணைத் தவறாக வாசிப்பதால் வரும் இழப்பு அதைவிடப் பெரியது.

குவைத், பஹ்ரைன், ஓமன் நாணயங்கள் நூறாக அல்ல, ஆயிரமாகப் பிரிகின்றன. திரையில் 12.500 என்று இருந்தால் அது பன்னிரண்டரை. பன்னிரண்டாயிரத்து ஐநூறு அல்ல. ஐரோப்பாவின் பல நாடுகளில் 1.250,00 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறியிருக்கும். மெக்சிகோவிலும் சிலியிலும் கொலம்பியாவிலும் டாலர் குறி பெசோவைக் குறிக்கிறது. பட்டியலில் அந்தக் குறியைக் கண்டு அமெரிக்க டாலர் என்று எண்ணித் திகைத்தவர்களை அறிவேன். வியட்நாமின் 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் இரண்டும் நீலம். மங்கிய வெளிச்சத்தில், டாக்சியின் பின் இருக்கையில், ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்தால் இருபத்தைந்து மடங்கு கொடுத்ததாகும். அங்கே நான் பெரிய தாள்களையும் சிறிய தாள்களையும் தனித்தனி உறைகளில் வைத்திருந்தேன்.

புறப்படுமுன் ஒரே ஒரு மனக்கணக்கை வகுத்துக்கொள்ளுங்கள்: அந்த நாட்டின் நடுத்தரமான தாள் ஒன்று உங்கள் பணத்தில் எவ்வளவு என்பது. துல்லியம் வேண்டாம்; பத்து மடங்கு பிழை நேராத அளவுக்குத் தெரிந்தால் போதும்.

பிப்ரவரி 5

"வீட்டில் பழைய வெளிநாட்டுத் தாள்கள் இருக்கின்றன, கொண்டுபோகலாமா?" என்ற கேள்விக்கு: ஒவ்வொரு தாளையும் விசாரித்த பிறகே. பிரிட்டனின் காகித 20, 50 பவுண்டுத் தாள்கள் 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடைகளில் செல்லாது. ஆனால் பாங்க் ஆஃப் இங்கிலாந்து மாற்றித் தருகிறது. குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று யூரோவுக்கு மாறியது. பழைய குனா தாள்களை அந்நாட்டு மத்திய வங்கி கால வரம்பின்றி மாற்றித் தரும், குனா காசுகளுக்கான கெடுவோ 2025 இறுதியோடு முடிந்தது. பல்கேரியா 2026 ஜனவரி முதல் யூரோ நாடு; பழைய லெவ் தாள் மீதச் சில்லறையாக வந்தால் வாங்காதீர்கள்.

அமெரிக்க டாலர் தாள்களை அமெரிக்காவுக்கு வெளியே மாற்றும்போது வேறொரு தொல்லை. பழைய தாளும் அமெரிக்காவில் சட்டப்படி செல்லும். ஆயினும் பல நாடுகளின் கடைக்காரர்கள் மடிப்பு, கிழிசல், மை படிந்த தாள்களை மறுப்பார்கள் அல்லது குறைத்துக் கேட்பார்கள். ஓரத்தில் பேனாக் கோடு இருந்த என் 100 டாலர் தாள் ஒன்றை ஒரு கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றுமுதல், வாங்கும் இடத்திலேயே ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கறை உள்ளதை மாற்றிக் கேட்கிறேன். அவை பயணம் முடியும்வரை மடியாமல் ஒரு புத்தகத்துக்குள் இருக்கும்.

மாற்றும் கடையில் ஏமாந்தால் வழியுண்டா என்று கேட்டவருக்கு: செக் குடியரசில் உண்டு. 1,000 யூரோ மதிப்புவரையான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையை 2019இல் சட்டமாக்கினார்கள். ரசீது இருந்தால்தான் அந்த உரிமை கைகொடுக்கும். எந்த நாட்டிலும் ரசீதை வாங்கி, முகப்பை விட்டு நகருமுன் எண்ணிப் பாருங்கள்.

பிப்ரவரி 6

எல்லை தாண்டி ரொக்கம் கொண்டுசெல்வதில் 10,000 என்ற எண்ணைச் சிலர் தவறாகப் புரிந்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேலும், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோவும் அதற்கு மேலும் ரொக்கம் கொண்டுவருவது அங்கே குற்றமன்று. அறிவிக்காமல் கொண்டுவருவதே குற்றம். அமெரிக்காவில் ஒன்றாகப் பயணிக்கும் குடும்பத்தினரின் தொகை சேர்த்தே கணக்கிடப்படும். பிரித்து வைத்துக்கொண்டால் தப்பலாம் என்று எண்ண வேண்டாம். உள்நாட்டு நாணயத்தை வெளியே கொண்டுபோகவே அனுமதிக்காத நாடுகளும் உள்ளன. துனிசியா அதற்கு உதாரணம். மீந்த தினாரை அங்கேயே, ரசீதைக் காட்டி, மாற்றிவிட வேண்டும்.

பிப்ரவரி 24

கேள்வி கேட்டவர் பயணத்திலிருந்தே எழுதியிருக்கிறார். இரண்டு அட்டைகளும் கொஞ்சம் ரொக்கமும் கொண்டுபோனது நிறைவு தருகிறது. "விடுதியில் முன்பணமாக 300 யூரோ எடுத்துக்கொண்டார்கள், அறையைக் காலி செய்ததும் திருப்பித் தருவார்களாம், சரிதானே?" என்று கேட்கிறார்.

எடுத்த விதத்தைப் பொறுத்தது. இரண்டு விதங்கள் உண்டு. உங்கள் வரம்பில் 300 யூரோவை நிறுத்தி மட்டும் வைத்து, பிறகு விடுவிப்பது ஒன்று. அதில் பணம் கைமாறுவதில்லை, நாணய மாற்றமும் உண்மையில் நடப்பதில்லை. விடுவிக்கச் சில நாட்கள் ஆகும். டெபிட் அட்டையாக இருந்தால் அந்த நாட்களில் உங்கள் சொந்தப் பணமே முடங்கிக் கிடக்கும். ஆகவேதான் விடுதிக்கும் வாடகைக் காருக்கும் கடன் அட்டை என்கிறேன். மற்றது, 300 யூரோவை உண்மையாகவே வசூலித்துவிட்டுப் பிறகு திருப்பி அனுப்புவது. இதில் போகும்போது ஒரு விகிதம், வரும்போது வேறொரு விகிதம். போகும்போது எடுத்த வெளிநாட்டுக் கட்டணத்தைப் பல வங்கிகள் திருப்பித் தருவதுமில்லை. ஒரு காசும் செலவழிக்காமல் இழப்பு நேர்கிறது.

வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள். "நிலுவை" என்றோ "தற்காலிகம்" என்றோ இருந்தால் பெரும்பாலும் முதல் விதம். ஆனால் வசூலித்த தொகையும் கணக்கில் ஏறும்வரை அப்படியே தெரியக்கூடும் என்பதால், விடுதி முகப்பிலும் கேட்டுவிடுங்கள். வசூலித்திருந்தால் இன்றைக்கே அதை ரத்து செய்து, நிறுத்தி வைப்பதாக மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். அன்றைய கணக்கை அவர்கள் முடிப்பதற்குள் ரத்து செய்தால் அது உங்கள் வங்கியில் ஏறாமலே நின்றுவிடும். நாளை கேட்டால் திருப்பி அனுப்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்காது.